அடையாற்று ஓலைக் கொட்டகையும் கொடைக்கானல் சின்னப் பள்ளிக்கூடமும்



இது நீளமான பதிவு. வேலை எல்லாம் முடித்துவிட்டு, சாவகாசமாக உட்கார்ந்து படியுங்கள். பாதியில் நிறுத்தினாலும் பரவாயில்லை, மீதியை நாளைக்குப் படிக்கலாம். பரீட்சை ஒன்றும் வைக்கப் போவதில்லை.

போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி நெதர்லாந்திலிருந்து போன் செய்தாள். கல்யாணமாகிப் போய்ச் சில வருடம் ஆகிறது. இப்போது அங்கே ஒரு சின்ன சர்வதேசத் தொடக்கப்பள்ளியில் வேலை கிடைத்திருக்கிறதாம். வேலை கிடைத்த சந்தோஷத்தைவிடப் பயம்தான் குரலில் அதிகம் தெரிந்தது.

"டீச்சர், ஒரே ரூம்ல ஆறு வயசு, ஏழு வயசு, எட்டு வயசு மூணும் கலந்து உட்கார்ந்திருக்குதுங்க. ஒண்ணு வீட்ல ஜப்பான் மொழி பேசுது, ஒண்ணு ஸ்பானிஷ் பேசுது. இங்க பெல்லும் கிடையாது, பீரியடும் கிடையாது. யாருக்கு எதை நடத்துறது? இந்த வெளிநாட்டு முறை எல்லாம் நமக்கு எங்க டீச்சர் வரும்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அடி பெண்ணே, அதை வெளிநாட்டு முறை என்று யார் உனக்குச் சொன்னது? அதில் பாதி நம்ம அடையாற்றிலும் கொடைக்கானலிலும் உருவானது" என்றேன். நம்பவே இல்லை. அவளுக்காக எழுத ஆரம்பித்தேன். எழுத எழுத, உங்கள் எல்லோருக்கும் சொல்ல வேண்டிய விஷயமாகவே ஆகிவிட்டது.

நான் ஆசிரியர் பயிற்சி படித்தபோது மாண்டிசோரி அம்மையார் எங்களுக்கு ஐந்து மதிப்பெண் கேள்வி, அவ்வளவுதான். 'இத்தாலி நாட்டவர், மருத்துவர், புலன் பயிற்சி' என்று மூன்று வரி எழுதினால் போதும். அவர் சென்னையில் வாழ்ந்தார், கொடைக்கானலில் பள்ளிக்கூடம் நடத்தினார் என்று அந்தப் பாடத்தில் ஒரு வரி கூட இல்லை. ஓய்வு பெற்ற பிறகு நானாகத் தேடிப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

மரியா மாண்டிசோரி 1870 ஆகஸ்ட் 31-ல் இத்தாலியில் பிறந்தவர். பெண்கள் மருத்துவம் படிப்பதே அபூர்வமாக இருந்த காலத்தில், 1896-ல் ரோம் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். 1907 ஜனவரி 6-ல் ரோம் நகரத்தில் சான் லோரென்சோ என்ற பகுதியில் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். அது பணக்காரர்கள் வசித்த இடமல்ல. கூலிவேலைக்குப் போகும் பெற்றோர், பகல் முழுக்க மாடிப்படிகளில் சுற்றித் திரியும் பிள்ளைகள் என்று இருந்த ஏழைக் குடியிருப்பு. இன்றைக்கு நம் ஊரில் தெருவுக்குத் தெரு மாண்டிசோரி போர்டு மாட்டி, லட்சத்தில் பீஸ் வாங்குகிறார்களே, அந்தப் பெயர் தொடங்கிய இடம் இதுதான்.

அவர் புகழ் உலகமெல்லாம் பரவியது. ஆனால் முசோலினி ஆட்சியோடு ஒத்துப்போக முடியாமல் 1934-ல் இத்தாலியை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. ஸ்பெயினில் இருந்தார், 1936-ல் அங்கே உள்நாட்டுப் போர் வெடித்தது. நெதர்லாந்துக்குப் போனார். அந்தச் சமயத்தில்தான் அடையாறு பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும், கலாக்ஷேத்ராவைத் தொடங்கிய அவருடைய மனைவி ருக்மிணி தேவியும் அவரை இங்கே அழைத்தார்கள். 1939 நவம்பரில் சென்னைக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 69. நம்மில் பலர் பென்ஷன் வாங்கி, முழங்கால் வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கும் வயசு.

பயிற்சி வகுப்பு அடையாறு சபை வளாகத்தில் நடந்தது. பம்மலிலிருந்து பல்லாவரம் போய், மின்சார ரயிலில் கிண்டியில் இறங்கி, ஒரு பஸ் பிடித்தால் அந்த இடத்துக்குப் போய்விடலாம். நானும் எத்தனையோ தடவை அந்த ஆலமரத்தைப் பார்க்கப் போயிருக்கிறேன். இந்த விஷயம் தெரியாமலே திரும்பி வந்திருக்கிறேன். 300-க்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் நாட்டின் பல பக்கங்களிலிருந்து வந்தார்கள். ஓலைக் கொட்டகைகள் போட்டு வகுப்பு நடந்தது. அம்மையார் இத்தாலி மொழியில் பேசுவார். கூட வந்திருந்த மரியோ அதை வாக்கியம் வாக்கியமாக ஆங்கிலத்தில் சொல்வார். தமிழர், தெலுங்கர், குஜராத்திக்காரர் எல்லாரும் உட்கார்ந்து குறிப்பு எடுப்பார்கள். அந்தக் காட்சியை நினைத்துப் பார்த்தால் எனக்கு இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது.

சில மாதங்கள் இருந்துவிட்டுப் போகத்தான் வந்தார். 1940 ஜூன் 10-ல் இத்தாலி ஜெர்மனியோடு சேர்ந்து போரில் இறங்கியது. இந்தியாவில் இருந்த இத்தாலியர்கள் எல்லாரும் ஒரே நாளில் பிரிட்டிஷ் அரசுக்கு எதிரி நாட்டவர் ஆனார்கள். மரியோவைப் பிடித்து முகாமில் அடைத்தார்கள். வயதானவர் என்பதால் அம்மையாரை அடையாறு வளாகத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்று வைத்தார்கள்.

இங்கே ஒரு தாயின் கதையும் சொல்ல வேண்டும். மரியோ அவர் பெற்ற பிள்ளை. ஆனால் திருமணம் ஆகாமல் பிறந்த பிள்ளை. அந்தக் காலத்து இத்தாலியில் அது வெளியே தெரிந்தால் அவர் வேலை, பெயர் எல்லாம் போயிருக்கும். குழந்தையைக் கிராமத்தில் வேறொரு குடும்பத்திடம் வளர விட்டார். பதினைந்து வயது வாக்கில்தான் பிள்ளை தாயிடம் வந்து சேர்ந்தான். அதற்குப் பிறகும் ஊராருக்கு 'உறவுக்காரப் பையன்', 'தத்துப் பிள்ளை' என்றுதான் சொல்லி வந்தார்கள். உலகத்துக் குழந்தைகளுக்காக எல்லாம் பேசியவருக்குத் தன் குழந்தையைத் தன் குழந்தை என்று சொல்ல முடியவில்லை.

1940 ஆகஸ்ட் 31. அம்மையாருக்கு 70-வது பிறந்தநாள். வைஸ்ராயிடமிருந்து தந்தி வந்தது. பிறந்தநாள் பரிசாக உங்கள் மகனை உங்களிடமே அனுப்பி வைக்கிறோம் என்பது அதன் சாரம். ஊர் அறிய அவரை 'மகன்' என்று குறிப்பிட்டது அநேகமாக அதுதான் முதல் தடவை. 42 வயது மகன் முகாமிலிருந்து திரும்பி அடையாற்றுக்கு வந்தார். அந்தத் தாய் அன்றைக்கு எப்படி அழுதிருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன்.

போர் முடியும் வரை இந்தியாவை விட்டுப் போக அனுமதி இல்லை. சென்னை வெயில் எழுபது வயதைத் தாண்டியவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இருவரும் கொடைக்கானல் போனார்கள். 1942 முதல் 1944 வரை சுமார் இரண்டு வருடம் அங்கே இருந்தார்கள்.

கொடைக்கானலில் அதற்கு முன்பே ஒரு வெளிநாட்டுப் பள்ளி இருந்தது. 1901-ல் அமெரிக்க மிஷனரிமார் தங்கள் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. இன்றைக்குக் கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி என்று பெயர். மாண்டிசோரி அம்மையார் நடத்தியது அது இல்லை. அவர் தன் வீட்டிலேயே ஒரு சின்னப் பள்ளிக்கூடம் வைத்தார். போருக்குப் பயந்து மலைக்கு வந்த ஐரோப்பியக் குடும்பத்துப் பிள்ளைகளும் நம்மவர் பிள்ளைகளும் ஒன்றாகச் சேர்ந்தார்கள். சிறிசுகள் முதல் பன்னிரண்டு வயது வரை எல்லாம் ஒரே கூரையின் கீழ். இலங்கையிலிருந்து வந்து அவரிடம் பயிற்சி பெற்ற லேனா விக்ரமரத்ன என்ற ஆசிரியை கூட இருந்து உதவினார்.

யோசித்துப் பாருங்கள். ஆசிரியர் இத்தாலிக்காரர், உதவி ஆசிரியை இலங்கைக்காரர், பிள்ளைகள் பல தேசம், பல மொழி, பல வயது, இடம் நம்ம திண்டுக்கல் பக்கத்து மலை. இதைவிடச் சர்வதேசத் தொடக்கப்பள்ளி எங்கே இருக்கும்?

அதுவரை அம்மையாரின் பெரிய வேலையெல்லாம் மூன்று வயது முதல் ஆறு வயது வரையான குழந்தைகளைப் பற்றித்தான். ஆறு வயதுக்கு மேல், அதாவது நம் தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு என்ன செய்வது என்பது கொடைக்கானலில்தான் முழுசாக உருவாயிற்று. மலையில் இலை, பூ, பூச்சி, கல், ஓடை எதற்கும் பஞ்சம் இல்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடந்தார்கள். பறித்து வந்த இலையை வடிவம் வடிவமாகப் பிரித்தார்கள். மரியோ அதற்கு அட்டைகளும் படங்களும் தயாரித்தார். பூமி தோன்றியது, உயிர்கள் தோன்றியது, மனிதன் வந்தது என்று நீளமான கால வரைபடங்கள் செய்து விரித்தார்கள். கணக்கு தனி, அறிவியல் தனி, வரலாறு தனி என்று துண்டு போடாமல், எல்லாம் ஒன்றோடொன்று தொடர்புடையது என்று முதலில் கதையாகச் சொல்லிவிட்டு, அதிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் படிப்பது. இதை அவர் பிரபஞ்சக் கல்வி என்றார். இன்று உலகத்தில் எந்த மூலையில் மாண்டிசோரி முறைத் தொடக்கப்பள்ளி இருந்தாலும், ஆறு முதல் ஒன்பது, ஒன்பது முதல் பன்னிரண்டு என்று மூன்று வயதைச் சேர்த்து உட்கார வைத்து இந்தக் கதையில்தான் தொடங்குகிறார்கள்.

வயதைக் கலப்பது ஏன்? பெரியவரைவிட ஒரு வயது மூத்த பிள்ளை சொல்லிக் கொடுத்தால் சின்னதுக்குச் சீக்கிரம் புரிகிறது. அதற்குப் புரியாத இடம் எது என்று மூத்ததுக்குத் தெரியும், ஏனென்றால் போன வருடம் அதே இடத்தில்தான் அதுவும் முழித்தது. சொல்லிக் கொடுக்கும்போது மூத்ததுக்கும் பாடம் இன்னொரு தடவை உறைக்கிறது. வகுப்புகளுக்கு நடுவே சுவர் வேண்டுமானால் இடுப்பளவு போதும், பிள்ளைகள் தாராளமாக இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போய் வரட்டும் என்பது அவர் யோசனை.

பிள்ளைகளே, இந்த இடத்தில் இன்னும் 150 வருடம் பின்னால் போக வேண்டும். மன்னித்துக்கொள்ளுங்கள், டீச்சர் புத்தி.

நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வகுப்பு என்ற பிரிவே கிடையாது. ஐந்து வயதுப் பிள்ளை மணலில் 'அ' எழுதும். பக்கத்தில் பத்து வயதுப் பிள்ளை ஓலையில் கணக்கு எழுதும். வாத்தியார் ஒருவர், அவருக்குக் கீழே சட்டாம்பிள்ளை. முன்னால் படிப்பவன் பின்னால் வருபவனுக்குச் சொல்லிக் கொடுப்பான். 1789-ல் சென்னை எழும்பூரில் இருந்த ஆண் அநாதைப் பிள்ளைகள் விடுதிக்குப் பொறுப்பாளராக வந்தவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். ஒருநாள் குதிரையில் போகும்போது, நம் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். தன் பள்ளியிலும் மணலைப் பரப்பினார். பெரிய ஆசிரியர்கள் இது ஆகாது என்று முரண்டு பிடித்ததால், ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைச் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித்தர வைத்தார். அது நன்றாக நடந்தது. பெல் ஊர் திரும்பி 1797-ல் லண்டனில் இதைப் புத்தகமாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரிலேயே இங்கிலாந்து முழுக்கப் பள்ளிகள் நடந்தன. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் அவர் பணத்தில் கட்டிய பள்ளிக்கு இன்றைக்கும் மெட்ராஸ் காலேஜ் என்றுதான் பெயர்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் தப்பு. இங்கிலாந்தில் இந்த முறை பிடித்துப்போனதற்குப் பெரிய காரணம், செலவு குறைவு. ஒரு வாத்தியாருக்குச் சம்பளம் கொடுத்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சமாளிக்கலாம். மூத்த பிள்ளையைச் சம்பளமில்லாத வாத்தியாராக ஆக்கிவிட்டார்கள். நம் சட்டாம்பிள்ளையும் சாமானியப்பட்டவன் இல்லை, பிரம்பும் அவன் கையில்தான். கொடைக்கானலில் நடந்தது வேறு. அங்கே மூத்த பிள்ளைக்கு யாரும் அந்த வேலையைக் கொடுக்கவில்லை. சின்னது தானாகப் போய்க் கேட்டது, பெரியது தானாக உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தது. மணலில் விரல் வைத்து எழுதிய நம் பிள்ளையையும், மாண்டிசோரியின் உப்புத்தாள் எழுத்தின் மேல் விரலை ஓட்டும் பிள்ளையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் விரல்தான் முதலில் படிக்கிறது.

1854-ல் சார்லஸ் வுட் கல்வி அறிக்கை வந்தது. அதன் பிறகு மானியம், இன்ஸ்பெக்டர், பரீட்சை எல்லாம் வரிசையாக வந்தன. வயதுக்கு ஒரு வகுப்பு, வகுப்புக்கு ஒரு சுவர் என்பது மெல்ல வழக்கமாகிவிட்டது. கலந்து உட்காருவது ஏழைப் பள்ளியின் அடையாளம் ஆகிவிட்டது.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இப்போது என் கதைக்கு வருகிறேன்.

நான் வேலையில் சேர்ந்த புதிதில் எங்கள் பள்ளியில் ஆளும் போதாது, அறையும் போதாது. மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் எனக்கு ஒரே அறையில். நாகல்கேணி தோல் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள், கல் உடைக்கப் போகிறவர்கள், இவர்கள் பிள்ளைகள்தான் அதிகம். மூன்றாம் வகுப்புக்கு நடத்தும்போது நான்காம் வகுப்பைக் கை கட்டி, வாயில் விரல் வைத்து உட்காரச் சொல்வேன். தனி அறை கொடுங்கள் என்று கேட்காத ஆள் இல்லை. யாராவது பார்க்க வந்தால் எனக்கு வெட்கமாக இருக்கும்.

நான்காம் வகுப்பில் ஒரு பையன். பெயர் வேண்டாம், 1987-ல் என்னிடம் நான்காவது படித்தவர்களுக்கு யார் என்று தெரியும். சட்டைப் பையில் எப்போதும் புளியங்கொட்டை வைத்திருப்பான். ஒருநாள் நான் போர்டில் எழுதிவிட்டுத் திரும்பினால், பையன் மூன்றாம் வகுப்பு வரிசையில் போய் உட்கார்ந்திருக்கிறான். கடன் வாங்கிக் கழித்தல் வராத ஒரு பெண்ணுக்கு, பத்துப் பத்தாகப் புளியங்கொட்டையைக் குவித்து வைத்து, ஒரு குவியலைக் கலைத்துக் காட்டிக்கொண்டிருந்தான். அந்தப் பெண் தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தது. நான் மூன்று நாளாக அதற்கு அந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுத்து, வராமல் போய்ச் சலித்திருந்தேன்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? "நீ வாத்தியாரா? உன் இடத்துக்குப் போ" என்று முதுகில் ஒன்று வைத்தேன். புளியங்கொட்டையை வாங்கி ஜன்னல் வழியாக எறிந்தேன். அதற்குப் பிறகு அவன் அந்த வரிசைக்குப் போகவே இல்லை.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. இன்ஸ்பெக்டர் வந்தால் வகுப்பு அமைதியாக இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் மனசில் இருந்தது. என் கண் முன்னாலேயே கொடைக்கானல் பள்ளிக்கூடம் நடந்திருக்கிறது. அது எனக்குத் தெரியவில்லை.

பிறகு செயல்வழிக் கற்றல் வந்தது. உங்களில் இளையவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆந்திராவில் மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் ரிஷிவேலி கிராமப்புறக் கல்வி மையம், ஓராசிரியர் பள்ளிகளுக்காகவே உருவாக்கிய முறையைப் பார்த்து, 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கினார்கள். 2007-08-ல் தமிழ்நாடு முழுக்க வந்தது. ஏணிப்படி, அட்டைகள், பாய், பிள்ளை எட்டும் உயரத்தில் கரும்பலகை, ஒன்று முதல் நான்கு வகுப்பு வரை கலந்து உட்காருவது, பிள்ளையே தன் வருகையைப் பதிவது. சக மாணவர் உதவியோடு படிக்கும் குழு என்று தனியாக ஒன்று இருந்தது. ஆசிரியர்கள் நாங்கள் முணுமுணுத்தோம். அட்டையைத் தேடி எடுத்துக் கொடுப்பதே வேலையாக இருக்கிறது என்றோம், பிள்ளைகள் தரையில் உட்கார முடிந்தது, முட்டி வலித்த நம்மால் முடியவில்லை என்றோம். அதில் நியாயமும் இருந்தது. ஆனால் சக மாணவர் குழுவை முதல் தடவை பார்த்த அன்று எனக்கு அந்தப் புளியங்கொட்டைதான் கண்ணில் வந்தது. இருபது வருடம் தாமதமாக, நான் வாயை மூடிக்கொண்டு பார்க்கக் கற்றுக்கொண்டேன். பின்னர் பாடத்திட்டமும் முறையும் மாறின. நானும் ஓய்வு பெற்றேன்.

மாண்டிசோரி அம்மையார் போர் முடிந்து 1946-ல் ஐரோப்பா போனார். அடுத்த வருடமே திரும்பி வந்தார். 1949 வரை இங்கே பயிற்சி வகுப்புகள் நடத்தினார். அவருடைய சொற்பொழிவுகளைக் கலாக்ஷேத்ராவும் அடையாறு சபைப் பதிப்பகமும் புத்தகங்களாக வெளியிட்டன. குழந்தையின் மனம் சுற்றியுள்ளதை எப்படி உறிஞ்சிக்கொள்கிறது என்பதைச் சொல்லும், உலகமெல்லாம் ஆசிரியர்கள் படிக்கும் புத்தகம், 1949-ல் முதலில் நம் அடையாற்றில்தான் அச்சானது. 1952 மே 6-ல் நெதர்லாந்தில் நூர்ட்வைக் என்ற கடற்கரை ஊரில் காலமானார். அங்கேயே அடக்கம்.

என் செல்ல மாணவிக்கு இனி நேராகச் சொல்கிறேன்.

பயப்படாதே. முதல் இரண்டு வாரம் நடத்துவதைக் குறைத்துக்கொண்டு, கவனிப்பதை அதிகமாக்கு. எந்தப் பிள்ளை எதை எடுக்கிறது, யார் பக்கத்தில் போய் உட்காருகிறது, எங்கே முழிக்கிறது என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுது. எட்டு வயது ஆறு வயதுக்குச் சொல்லிக் கொடுத்தால் நடுவில் போகாதே. தப்பாகச் சொன்னாலும் கொஞ்சம் பொறு, பிறகு பெரியதைத் தனியாகக் கூப்பிட்டுத் திருத்து. ஆனால் கெட்டிக்காரப் பிள்ளையை உன் வேலையாளாக ஆக்கிவிடாதே, அதற்கும் புதுசாகப் படிக்க வேண்டியது இருக்கிறது. ஜப்பான் மொழி பேசும் பிள்ளைக்கு வார்த்தை வராவிட்டாலும் இலை, மணி, கல் எல்லாம் புரியும், கையிலிருந்து ஆரம்பி. விடுமுறையில் ஒருநாள் நூர்ட்வைக் போய் அம்மையார் கல்லறையில் ஒரு பூ வை. அடையாற்றுக்குப் பக்கத்துப் பம்மலிலிருந்து வந்தவள் என்று சொல்லிவிட்டு வா.

கடைசியாக ஒன்று. 1987-ல் படித்த பிள்ளைகளே, அந்தப் புளியங்கொட்டைப் பையன் இப்போது எங்கே இருக்கிறான் என்று யாருக்காவது தெரிந்தால் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். ஐந்தாம் வகுப்பு முடித்ததும் குடும்பத்தோடு வேறு ஊர் போய்விட்டார்கள் என்று கேள்வி. இப்போது ஐம்பதை நெருங்கியிருப்பான். அவனிடம் நான் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும். ஜன்னல் வழியாக எறிந்ததற்குப் பதில் ஒரு படி புளியங்கொட்டை வாங்கித் தர வேண்டும்.

எல்லோரும் நன்றாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர், பம்மல்